பேட்டிங் சராசரி உயர்ந்துவிட்டது: பேட்டர் உண்மையிலேயே தேறியிருக்கிறாரா என்று கண்டறியும் முறை

அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பாலில் ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதம் பிறக்கும்போது இப்படி ஒருவர் முளைத்துவிடுவார். சென்ற ஆண்டு .250 அடித்தவர் இந்த ஆண்டு .310இல் நிற்பார். அவர் மட்டையைப் பிடிக்கும் விதம் மாறியிருப்பதாக வர்ணனையாளர் சொல்வார். பொறுமை கூடியிருப்பதாகப் பயிற்சியாளர் சொல்வார். குளிர்காலம் முழுவதும் உழைத்ததாக அவரே சொல்வார். மூன்றும் உண்மையாக இருக்கலாம். ஆனாலும் சராசரி உயர்ந்ததற்கு அவைதாம் காரணமா என்பது தனிக் கேள்வி. அதற்கு ஒரு தாளும் பேனாவும், அந்த ஆட்டக்காரரின் இரண்டு மூன்று ஆண்டுக் கணக்கும் இருந்தால் வீட்டிலிருந்தே ஓரளவு நம்பத்தக்க விடையைக் கண்டுவிடலாம்.

முதலில் இந்தச் சராசரி எதை எண்ணுகிறது என்பதில் தெளிவு வேண்டும். கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்குச் சராசரி என்றால் ஒரு விக்கெட்டுக்கு எத்தனை ரன் என்பதுதான். பேஸ்பாலில் ரன்னுக்கு அதில் இடமே இல்லை. பந்தை அடித்து, பீல்டரின் பிழையால் அல்லாமல், அவுட் ஆகாமல் பேஸை (ஓடிச் சேர வேண்டிய இடத்தை) அடைந்தால் அது ஹிட்; பேட்டர் மட்டையோடு வந்து ஆடும், கணக்கில் சேரும் ஒவ்வொரு முயற்சியும் அட்-பேட். ஹிட்களின் எண்ணிக்கையை அட்-பேட்களின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவதே பேட்டிங் சராசரி. இங்கிலாந்தில் பிறந்து, நியூயார்க் வட்டாரத்தில் கிரிக்கெட்டைப் பற்றியும் எழுதிவந்த ஹென்றி சாட்விக் என்ற 19ஆம் நூற்றாண்டுப் பத்திரிகையாளர்தான் பேஸ்பாலில் இத்தகைய கணக்குகளைப் பரப்பியவர் என்பதால், இரண்டு ஆட்டங்களுக்கும் இதில் ஓர் உறவு உண்டு. பத்து முறை முயன்று மூன்று ஹிட் எடுத்தால் .300. அதைப் 'பாயிண்ட் மூன்று' என்று யாரும் சொல்வதில்லை. 'முந்நூறு' என்றே சொல்வார்கள். ஆயிரத்தில் ஒரு பங்கை ஒரு புள்ளி என்பார்கள். .270இலிருந்து .300க்குப் போனால் முப்பது புள்ளி உயர்வு.

வாக் (பந்துவீச்சாளர் நான்கு பந்துகளைத் தவறாக வீசியதால் முதல் பேஸுக்கு இலவசமாகப் போவது) பெற்றுச் சென்றாலும், பந்து உடலில் பட்டுச் சென்றாலும், சகாவை முன்னேற்றத் தன் விக்கெட்டைத் தியாகம் செய்தாலும் அது அட்-பேட் ஆகாது. ஒரு பேஸ் மட்டும் கிடைக்கும் சிங்கிளும் வேலியைத் தாண்டும் ஹோம் ரன்னும் இந்தக் கணக்கில் ஒன்றேதான். பீல்டர் தடுமாறினால் அது ஹிட்டா, பிழையா என்று தீர்மானிப்பவர் அதிகாரபூர்வ ஸ்கோரர். ஆக, திறமையை அளக்கும் கருவி என்று நாம் கருதும் எண்ணிலேயே வேறு பல சங்கதிகள் கலந்து கிடக்கின்றன.

முப்பது புள்ளி என்றால் எத்தனை ஹிட்

ஒரு முழு சீசனில் 500 அட்-பேட் பெறும் ஒருவர் .250 அடித்தால் 125 ஹிட்; .280 அடித்தால் 140 ஹிட். வித்தியாசம் 15. ஏறத்தாழ ஆறு மாதம் நீளும் சீசனில் இது பன்னிரண்டு நாளுக்கு ஒரு ஹிட் என்ற கணக்கு. ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு இடையில் நிற்கும் பீல்டர்) இரண்டடி தள்ளி நின்றிருந்தாலோ, காற்று சற்று வேறு பக்கம் வீசியிருந்தாலோ மாறிவிடக்கூடிய தொகை இது. முதலில் இந்த உணர்வு மனத்தில் பதிய வேண்டும், ஏனெனில் தொலைக்காட்சித் திரையில் .250 என்றும் .280 என்றும் பார்க்கும்போது இரண்டும் இரண்டு வெவ்வேறு மனிதர்களின் எண்களாகத் தோன்றும்.

தற்செயலின் வீச்சு எவ்வளவு என்பதை நேரடியாகவே கணக்கிடலாம். உண்மைத் திறமை .270 என்று இம்மியும் மாறாமல் இருக்கும் ஒரு கற்பனை பேட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். .270ஐ .730ஆல் பெருக்கி, அட்-பேட் எண்ணிக்கையால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் அவருடைய சராசரி இயல்பாக எவ்வளவு ஊசலாடும் என்பது கிடைக்கும். 500 அட்-பேட்டுக்கு அது சுமார் 20 புள்ளி; 100 அட்-பேட்டுக்கு 44 புள்ளி. அதாவது மூன்றில் இரண்டு பங்கு சீசன்களில் அவர் .250க்கும் .290க்கும் இடையில் எங்கேயாவது முடிப்பார். மற்றவற்றில் அதற்கும் வெளியே போவார். இரண்டு சீசன்களை ஒப்பிடும்போது இரண்டின் ஊசலாட்டமும் சேர்வதால் அது சுமார் 28 புள்ளியாகிறது. திறமை சற்றும் மாறாத நூறு பேரை இரண்டு முழு சீசன் ஆடவிட்டால் ஏறத்தாழ 14 பேர் முப்பது புள்ளியோ அதற்கு மேலோ உயர்ந்திருப்பார்கள். இன்னொரு 14 பேர் அதே அளவு சரிந்திருப்பார்கள். உயர்ந்த 14 பேரைப் பற்றிக் கட்டுரைகள் வரும். சரிந்தவர்களுக்குப் புதுப் பயிற்சியாளர் வருவார்.

முழு சீசன் முடியும் தறுவாயிலும்கூட இந்த எண் எவ்வளவு நெகிழ்வானது என்பதற்கு 1941 செப்டம்பர் 28 நல்ல சான்று. அன்று காலையில் பாஸ்டன் ரெட் சாக்ஸின் டெட் வில்லியம்ஸ் 448 அட்-பேட்டில் 179 ஹிட் எடுத்திருந்தார்; .39955, முழுமையாக்கினால் .400. உட்கார்ந்துவிடலாம் என்ற யோசனையை ஏற்காமல் பிலடெல்பியாவில் அன்று நடந்த இரண்டு ஆட்டங்களிலும் ஆடி, எட்டு முயற்சியில் ஆறு ஹிட் எடுத்து .406இல் முடித்தார். ஒரே பிற்பகலில் ஆறு புள்ளி. (அந்தக் காலத்து விதிப்படி, பந்தை உயர அடித்துச் சகாவை ரன் எடுக்கவைக்கும் தியாக ஃப்ளையும் அட்-பேட்டாகவே எண்ணப்பட்டது, இன்றைய விதி அன்று இருந்திருந்தால் அவர் சராசரி.406க்கும் மேலேயே இருந்திருக்கும்.)

சீசன் தொடக்கத்து எண்களை எவ்வளவு நம்பலாம் என்பதைப் புள்ளியியலாளர்கள் பிராட்லி எஃப்ரானும் கார்ல் மாரிஸும் 1970களில் அழகாகச் சோதித்துக் காட்டினார்கள். 1970 சீசனில் 18 பேட்டர்களின் முதல் 45 அட்-பேட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, எஞ்சிய சீசனில் அவர்கள் எவ்வளவு அடிப்பார்கள் என்று கணித்தார்கள். அந்த 18 பேரின் கூட்டுச் சராசரி .265. ஒவ்வொருவரும் அதிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறாரோ அதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை மட்டும் நம்பி, மிச்சத்தைத் தற்செயல் என்று தள்ளிவிடுவதே அவர்கள் முறை. பிட்ஸ்பர்கின் ராபர்ட்டோ கிளமென்டி 45இல் 18 ஹிட் எடுத்து .400இல் நின்றார், முறை அவருக்கு.290ஐ ஒட்டிய எண்ணைக் கொடுத்தது. எஞ்சிய சீசனில் அவர் .346 அடித்தார். .378இல் நின்ற ஃபிராங்க் ராபின்சன் .298க்கு இறங்கினார். .178இல் கிடந்த தர்மன் மன்சன் .316 அடித்தார். 18 பேருக்கும் சேர்த்துப் பிழைகளின் வர்க்கத்தைக் கூட்டியபோது, 45 அட்-பேட் சராசரியை அப்படியே நம்பியதில் வந்த பிழையில் மூன்றில் ஒரு பங்குகூட இந்த முறையில் வரவில்லை. கிளமென்டி விஷயத்தில் முறை தோற்றது ஏன் என்பதும் கவனிக்கத்தக்கது: அவர் அதற்கு முன்பே நான்கு முறை லீகின் பேட்டிங் பட்டத்தை (லீகிலேயே உயர்ந்த சராசரிக்கு உரியது) வென்றவர் என்பது அந்தக் கணக்கில் சேர்க்கப்படவில்லை. பழைய வரலாற்றைப் புறக்கணிக்கக் கூடாது என்ற பாடம் அதிலேயே இருக்கிறது.

சராசரியை மூன்றாகப் பிரித்தல்

இனி வேலையைத் தொடங்கலாம். ஓர் அட்-பேட் மூன்று வழிகளில் முடியும்: ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக் ஆகி, பந்தை மைதானத்துக்குள் அடிக்காமலேயே அவுட் ஆவது), ஹோம் ரன், மைதானத்துக்குள் எங்கேயோ விழுந்து பீல்டர்களின் கைக்கு எட்டியோ எட்டாமலோ போகும் பந்து. முதலிரண்டிலும் பீல்டர்களுக்குப் பங்கு மிகக் குறைவு. அவை பெரும்பாலும் பேட்டருக்கும் பந்துவீசும் பிட்சருக்கும் இடையிலான வழக்கு. மூன்றாவதில்தான் ஒன்பது பேரும், புல்லும், காற்றும், அதிர்ஷ்டமும் உள்ளே வருகின்றன. இந்த மூன்றாவதற்குத் தனிச் சராசரி ஒன்று உண்டு. ரசிகர்கள் அதைப் 'பேபிப்' என்பார்கள். ஹிட்களிலிருந்து ஹோம் ரன்களைக் கழித்து, அதை (அட்-பேட் − ஸ்ட்ரைக்அவுட் − ஹோம் ரன்) என்பதால் வகுத்தால் வருவது அது. முறைப்படி வகுக்கும் எண்ணில் தியாக ஃப்ளைகளையும் கூட்ட வேண்டும். சில புள்ளிகளுக்கு மேல் மாறாது என்பதால் நான் இங்கே விட்டுவிடுகிறேன். அண்மைக் காலத்தில் லீக் முழுவதற்கும் இது .300ஐ ஒட்டியே இருந்துவருகிறது.

டெட்ராய்ட் டைகர்ஸின் நார்ம் கேஷ் 1961இல் .361 அடித்து, மேஜர் லீகின் இரு பிரிவுகளில் ஒன்றான அமெரிக்கன் லீகின் பேட்டிங் பட்டத்தை வென்றார். மறு ஆண்டு அவர் அடித்தது .243. பட்டம் வென்ற ஒருவர் மறு ஆண்டில் 118 புள்ளி சரிவது இன்றுவரை யாருக்கும் நேரவில்லை. 'உச்சத்துக்குப் போனார், விழுந்தார்' என்று கதை எழுதுவது சுலபம். கணக்கைப் பிரித்துப் பாருங்கள்.

1961: 535 அட்-பேட், 193 ஹிட், 41 ஹோம் ரன், 85 ஸ்ட்ரைக்அவுட்.
1962: 507 அட்-பேட், 123 ஹிட், 39 ஹோம் ரன், 82 ஸ்ட்ரைக்அவுட்.

ஸ்ட்ரைக்அவுட் விகிதம் முதலாண்டு 15.9 சதவீதம், மறு ஆண்டு 16.2 சதவீதம். ஹோம் ரன் இரண்டு ஆண்டுகளிலும் 13 அட்-பேட்டுக்கு ஒன்று. கிட்டத்தட்ட தசமப் புள்ளிவரை ஒன்றுதான். இப்போது மூன்றாவதைப் பாருங்கள். 1961இல் மைதானத்துக்குள் அடித்த 409 பந்துகளில் 152 ஹிட் ஆயின, பேபிப்.372. 1962இல் 386 பந்துகளில் 84 மட்டுமே ஹிட், பேபிப்.218. சராசரி சரிந்தது முழுக்க முழுக்க இந்த ஓர் அறையில்தான். இரண்டு ஆண்டுகளிலும் மைதானத்துக்குள் விழுந்த பந்துகளில் .280 பங்கு ஹிட் ஆகியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று போட்டுப் பார்த்தால், 1961இல் 115ஐயும் 41ஐயும் கூட்டி 156 ஹிட், சராசரி .292; 1962இல் 108ஐயும் 39ஐயும் கூட்டி 147 ஹிட், சராசரி .290. அதே மனிதர், அதே பேட்டர். அதன்பின் அவர் ஒருமுறையும் .300ஐத் தொடவில்லை.

1961இல் மட்டையைக் குடைந்து தக்கை அடைத்து ஆடியதாகப் பின்னாளில் கேஷே ஒப்புக்கொண்டார். சிலர் அதை அந்த .361க்கு விளக்கமாகச் சொல்வதுண்டு. பந்து கூடுதல் தூரம் போகத்தான் தக்கை என்றால், அதன் தடயம் ஹோம் ரன் வரிசையில் தெரிந்திருக்க வேண்டும். அங்கேதான் எதுவும் மாறவில்லை.

மூன்று அறைகளுக்கும் சராசரியில் எவ்வளவு எடை என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் கணக்கு விரைவாக ஓடும். 500 அட்-பேட்டில் 25 ஸ்ட்ரைக்அவுட் குறைந்தால், அந்த 25 பந்துகளில் ஏழெட்டு ஹிட் ஆகும்; சராசரி சுமார் 15 புள்ளி உயரும். முன்பு மைதானத்துக்குள் விழுந்திருக்கக்கூடிய பத்துப் பந்துகள் வேலிக்கு வெளியே போனால் சுமார் 14 புள்ளி. பேபிப் 20 புள்ளி உயர்ந்தாலும் அதே 15 புள்ளிதான். மூன்றும் சராசரியில் சமமாகத் தெரியும், நம்பகத்தில் சமமல்ல. பேஸ்பால் ஆய்வாளர் ரஸ்ஸல் கார்ல்டன் செய்த ஆய்வின்படி ஸ்ட்ரைக்அவுட் விகிதம் சுமார் 60 முறை களமிறங்கியதிலேயே ஆட்டக்காரரைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிறது. வாக் விகிதத்துக்கு 120, ஹோம் ரன் விகிதத்துக்கு 170 வேண்டும். பேட்டிங் சராசரிக்கோ 900 அட்-பேட்டுக்கு மேல் வேண்டும். பேபிப்புக்கு 800க்கு மேற்பட்ட பந்துகள். ஒரு சீசனில் அவ்வளவு யாருக்கும் கிடைக்காது. எனவே ஜூன் மாதத்தில் ஒருவரின் ஸ்ட்ரைக்அவுட் குறைந்திருந்தால் நான் நிமிர்ந்து உட்காருவேன், பேபிப் மட்டும்.380இல் இருந்தால் தேநீர் போடப் போய்விடுவேன்.

தேறியவர்களின் கணக்கு எப்படி இருக்கும்

எல்லாம் அதிர்ஷ்டம் என்று ஒதுக்கிவிடுவதும் தவறு. ஜே.டி. மார்ட்டினெஸ் 2013இல் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸுக்காக .250 அடித்தார். அந்தக் குளிர்காலத்தில் தம் ஸ்விங்கை (மட்டையை வீசும் விதத்தை) அடியோடு மாற்றி அமைத்துக்கொண்டு வந்தார். அதைச் சோதித்துப் பார்க்கப் போதிய வாய்ப்பு தராமலேயே 2014 மார்ச்சில் ஹூஸ்டன் அவரை விடுவித்தது. டெட்ராய்ட் எடுத்துக்கொண்டது. அவர் .315 அடித்தார். மறு ஆண்டு .282. சராசரியை மட்டும் பார்த்தால் ஒரு வருட அதிசயம், பிறகு சரிவு என்று தோன்றும். ஸ்ட்ரைக்அவுட் விகிதத்தைப் பாருங்கள்: 2013இல் 28 சதவீதம், 2014இல் 29, 2015இல் 30. அதில் தேர்ச்சி இல்லை. சற்று மோசம் என்றுகூடச் சொல்லலாம். ஹோம் ரன்: 2013இல் 296 அட்-பேட்டில் 7, அதாவது 42 முயற்சிக்கு ஒன்று, 2014இல் 441இல் 23, 19க்கு ஒன்று, 2015இல் 596இல் 38, 16க்கு ஒன்று. இது தற்செயலாக வரும் மாற்றமன்று. ஸ்விங் மாறியதன் கைரேகை இந்த வரிசையில் இருக்கிறது. பேபிப் .324, .397, .342. ஆக 2014இன் .315இல் உண்மையான தேர்ச்சியும் இருந்தது, மறு ஆண்டு திருப்பிக் கொடுக்க வேண்டிய கடனும் இருந்தது. 2015இல் சராசரி 33 புள்ளி இறங்கியபோது பேட்டர் இறங்கவில்லை. 2017இல் 45 ஹோம் ரன், 2018இல் .330 என்று பின்னால் வந்தவை அதை உறுதிப்படுத்தின.

இதற்கு நேர்மாறாக, சராசரி சொல்லத் தவறிய தேர்ச்சியும் உண்டு. டொராண்டோவின் ஹோசே பட்டிஸ்டா 2009இல் .235, 2010இல் .260. உயர்வு 25 புள்ளி. மேலே சொன்ன ஊசலாட்டத்துக்குள் அடங்கிவிடும் தொகை. ஆனால் 2009 சீசனின் கடைசியில் ஸ்விங்கை முன்னதாகவே தொடங்கப் பழகிய அவர், 26 அட்-பேட்டுக்கு ஒன்றாக இருந்த ஹோம் ரன்னைப் பத்துப் பதினொன்றுக்கு ஒன்றாக்கி, 2010இல் 54 ஹோம் ரன் அடித்தார். ஸ்ட்ரைக்அவுட் 25 சதவீதத்திலிருந்து 20க்கு இறங்கியது. வாக் 100. பேபிப் மட்டும் .277இலிருந்து .236க்குச் சரிந்ததால் சராசரி அடக்கி வாசித்தது. ஒரு பேட்டர் அடியோடு மாறியதைச் சராசரி கிட்டத்தட்டக் காணாமலே விட்டுவிட்டது.

கிரிஸ் டேவிஸின் கதையை இங்கே சொல்லாமல் போக மனம் வரவில்லை. 2015இல் மில்வாக்கியிலும், அடுத்த மூன்று ஆண்டுகள் ஓக்லாந்திலுமாக நான்கு சீசன்களில் அவர் சராசரி .247, .247, .247, .247. அந்த நான்கு ஆண்டுகளில் ஹோம் ரன் 27, 42, 43, 48 என்று ஏறியது. ஸ்ட்ரைக்அவுட் எண்ணிக்கை 122க்கும் 195க்கும் இடையில் அலைந்தது. உள்ளே எல்லாம் நகர்ந்துகொண்டிருக்க, கூட்டுத்தொகை மட்டும் அசையாமல் நின்றது.

ஒவ்வொருவருக்கும் அவரவர் அளவு

பேபிப் .300க்கு மேலே இருந்தாலே அதிர்ஷ்டம் என்று முத்திரை குத்துவது புதிதாகக் கணக்குப் பார்ப்பவர்கள் செய்யும் தவறு. இச்சிரோ சுசுகி 2004இல் 262 ஹிட்களுடன் .372 அடித்தபோது அவருடைய பேபிப் .400ஐ ஒட்டியிருந்தது. அதில் அதிர்ஷ்டமும் இருந்தது, ஆனால் அவர்.340ஐ ஒட்டிய பேபிப்பைப் பல்லாண்டு தாங்கி நின்றவர். தரையில் உருளும் பந்தை ஷார்ட்ஸ்டாப் எடுத்து எறிவதற்குள் முதல் பேஸை அடைந்துவிடும் கால்கள் அவருடையவை. மெதுவாக ஓடி, எல்லாப் பந்தையும் ஒரே பக்கம் இழுத்து அடிக்கும் பருமனான ஆட்டக்காரரின் இயல்பான பேபிப் .270ஆக இருக்கலாம். எனவே இந்த ஆண்டு எண்ணை லீகின் எண்ணோடு மட்டும் ஒப்பிடாமல், அதே ஆட்டக்காரரின் கடந்த மூன்று நான்கு ஆண்டு எண்ணோடும் ஒப்பிட வேண்டும். இளம் ஆட்டக்காரருக்கு அத்தகைய வரலாறு இராது; அவரை லீகின் நடுவளவை நோக்கிக் கூடுதலாக இழுத்துக் கணிக்க வேண்டியிருக்கும்.

2015 முதல் இன்னொரு வசதி வந்தது. மேஜர் லீக் மைதானங்கள் அனைத்திலும் ஸ்டாட்காஸ்ட் என்ற கருவித் தொகுதி பொருத்தப்பட்டு, ஒவ்வொரு பந்தும் மட்டையிலிருந்து என்ன வேகத்தில், என்ன கோணத்தில் கிளம்பியது என்பது அளக்கப்பட்டு, பொதுமக்களும் பார்க்கும்படி வெளியிடப்படுகிறது. மணிக்கு 95 மைலோ அதற்கு மேலோ கிளம்பினால் அது வலுவான அடி. அந்த வேகத்திலும் கோணத்திலும் கிளம்பிய முந்தைய பந்துகள் எத்தனை முறை ஹிட் ஆயின என்பதைக் கொண்டு 'எதிர்பார்ப்புச் சராசரி' ஒன்றும் தரப்படுகிறது. ஒருவரின் சராசரி .250இலிருந்து .310க்குப் போயிருக்க, எதிர்பார்ப்புச் சராசரி .252, .256 என்று அருகருகே நின்றால், சந்தேகம் கொள்ளப் போதிய காரணம் கிடைத்துவிட்டது. இரண்டும் சேர்ந்து ஏறியிருந்தால் நல்ல அறிகுறி. இதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாகாது. பந்து இடப்பக்கம் போனதா வலப்பக்கம் போனதா என்பதை அந்தக் கணக்கு பார்ப்பதில்லை. லூயிஸ் அரேஸ் 2022இல் மின்னசோட்டாவிலும் 2023இல் மயாமியிலும் 2024இல் சான் டியேகோவிலுமாக மூன்று வெவ்வேறு அணிகளில் அடுத்தடுத்துப் பேட்டிங் பட்டம் வென்றவர். வலுவாக அடிப்பவர் அல்லர். மைதானத்தின் உள்பகுதியான இன்ஃபீல்டுக்குப் பின்னாலும் வெளிப்பகுதியான அவுட்ஃபீல்டுக்கு முன்னாலும் உள்ள வெற்றிடத்தில் பந்தைக் கொண்டுபோய் வைப்பவர். ஸ்ட்ரைக்அவுட் ஆவது மிக அபூர்வம். அத்தகையவரை வேகமானியால் மட்டும் எடைபோட்டால் ஏமாந்துபோவோம்.

பேட்டருக்கு வெளியே மாறியவை

ஆட்டக்காரர் அப்படியே இருக்க, அவரைச் சுற்றியுள்ளவை மாறியும் சராசரி உயரும். அணி மாறினாரா என்று முதலில் பாருங்கள். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ ஒரு மைல் உயரத்திலுள்ள டென்வரில் காற்று மெல்லியது. பந்து தூரம் போகும், வளைவது குறையும், அதற்கேற்பப் பரப்பி வைத்த அவுட்ஃபீல்டில் இடைவெளியும் அதிகம். ஆண்ட்ரெஸ் காலரகா 1992இல் செயின்ட் லூயிஸில் .243, 1993இல் கொலராடோவில் .370. மைதானம்தான் காரணம் என்று சொல்லிவிடலாம்; ஆனால் செயின்ட் லூயிஸில் பேட்டிங் பயிற்சியாளராக இருந்து, கொலராடோவின் மேலாளராகப் போன டான் பேலர், அவரைப் பிட்சருக்கு இன்னும் நேராகத் திரும்பி நிற்கவும் வைத்திருந்தார். மைதானமும் நிற்கும் விதமும் ஒரே நேரத்தில் மாறிய இத்தகைய இடத்தில், சொந்த மைதானத்துக் கணக்கையும் வெளியூர்க் கணக்கையும் தனித்தனியே எடுத்துப் பார்ப்பது ஒன்றே வழி. வெளியூரிலும் உயர்ந்திருந்தால் அந்தப் பகுதியை ஆட்டக்காரரின் பெயரில் வரவு வைக்கலாம்.

லீகே மேலும் கீழும் போவதையும் மறக்கக் கூடாது. மேஜர் லீகின் மொத்தச் சராசரி 1968இல் .237, கார்ல் யாஸ்ட்ரெம்ஸ்கி அமெரிக்கன் லீக் பட்டத்தை.301உடன் வென்றார், மறு ஆண்டே பிட்சர் நிற்கும் மேட்டின் உயரத்தை 15 அங்குலத்திலிருந்து பத்தாகக் குறைத்தார்கள். 2000இல் மொத்தச் சராசரி .270, 2022இல்.243. 2000இல் .270 அடித்தவர் நடுத்தரம், 2022இல் அதே .270 அடித்தவர் நடுவளவைவிட 27 புள்ளி மேல். 2023இல் இன்ஃபீல்டர்கள் இரண்டாம் பேஸின் இரு பக்கமும் இருவர் இருவராகவே நிற்க வேண்டும் என்ற விதி வந்தபோது லீக் சராசரி .248க்கு ஏறியது. அதற்கு முன்பு வலப்பக்கம் மூவர் குவிந்து நின்றதால் ஹிட்களை இழந்துவந்த இடக்கை பேட்டர்களில் சிலர் அந்த ஆண்டு எதுவும் கற்றுக்கொள்ளாமலேயே தேறினார்கள். மேலாளர் ஒரு பேட்டரை அவருக்கு ஒத்துவரும் இடக்கை அல்லது வலக்கைப் பிட்சர்களுக்கு எதிராக மட்டும் இறக்கத் தொடங்கினாலும் இதே மாயம் நிகழும். எந்தக் கைப் பிட்சரை எத்தனை முறை சந்தித்தார் என்பதைச் சென்ற ஆண்டோடு ஒப்பிட்டால் அது வெளிப்பட்டுவிடும்.

ஓர் எண்ணை எழுதி வைத்தல்

இவ்வளவும் பார்த்த பிறகு, 'ஓரளவு தேறியிருக்கிறார்' என்று மழுப்பாமல் அடுத்த ஆண்டுக்கான ஓர் எண்ணைத் தாளில் எழுதுங்கள். அதற்குப் பேஸ்பால் புள்ளியியலாளர் டாம் டாங்கோ உருவாக்கிய, 'மார்செல்' என்று ஒரு குரங்கின் பெயர் சூட்டப்பட்ட முறை போதும். குரங்குக்கும் புரியும் அளவு எளிது என்பது பெயரின் குறும்பு. அண்மை ஆண்டுக்கு 5, அதற்கு முந்தையதற்கு 4, அதற்கும் முந்தையதற்கு 3 என்று எடை கொடுத்து, அவற்றோடு லீகின் நடுவளவில் ஆடிய 1200 முயற்சிகளைச் சேர்க்க வேண்டும். பேட்டிங் சராசரிக்காக நான் அதைச் சற்றுச் சுருக்கிச் செய்து காட்டுகிறேன். ஒருவர் மூன்று ஆண்டுகளாக, ஆண்டுக்கு 500 அட்-பேட் வீதம் .250, .255, .300 அடித்திருக்கிறார்; லீக் சராசரி .248. 500ஐ 5ஆலும் .300ஆலும் பெருக்க 750, 500ஐ 4ஆலும்.255ஆலும் பெருக்க 510, 500ஐ 3ஆலும்.250ஆலும் பெருக்க 375, 1200ஐ.248ஆல் பெருக்க ஏறத்தாழ 298. கூட்டினால் 1933. எடைகளின் கூட்டு 6000உடன் 1200 சேர்ந்து 7200. வகுத்தால் .268.

.300 அடித்த ஒருவரிடம் அடுத்த ஆண்டு .268 எதிர்பார்க்கச் சொல்வது கஞ்சத்தனமாகத் தோன்றும். ஆனால் .250 வட்டத்தில் நின்றவருக்கு அதுவே பதினைந்து புள்ளிக்கு மேற்பட்ட உயர்வு. இந்த .268தான் தொடக்கப் புள்ளி. இதன் பிறகே மூன்று அறைகளின் சாட்சியத்தைக் கேட்க வேண்டும். ஸ்ட்ரைக்அவுட் 24 சதவீதத்திலிருந்து 18க்கு இறங்கி, வலுவான அடிகளின் பங்கும் கூடியிருந்தால் .280 என்று திருத்துவேன். இரண்டும் இருந்த இடத்திலேயே இருக்க, பேபிப் மட்டும் அவருடைய வழக்கமான .290இலிருந்து .355க்குப் போயிருந்தால் .260க்கு இறக்குவேன். எழுதிய எண்ணோடு தேதியையும் காரணத்தையும் ஒரு வரியில் குறித்துவைத்து, தாளை மடித்து, அடுத்த செப்டம்பரில் பிரித்துப் பாருங்கள். ஒருவருக்கு மட்டும் செய்யாமல் பத்துப் பேருக்காவது செய்யுங்கள், ஏனெனில் கிளமென்டி விஷயத்தில் எஃப்ரானும் மாரிஸும் தவறியதுபோல ஒற்றை ஆளிடம் எந்த முறையும் தவறலாம்.